நடுக்கோட்டிலிருந்து ஆறு மீட்டர்

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் முதல் சிலை.
கூண்டுக்குள் இருந்தார்.
சாவி யாரிடம் என்று கேட்டேன்.
கட்சி உடைந்தபோது சாவியும் ரெண்டாச்சு சார் என்றான் போஜன்,
ஜீப்பை அணைக்காமலே.
பதிவேட்டில் எழுதினேன்:
சிமெண்ட். மார்பளவு. நான்கு மீட்டர் இருபது.
அகற்றத்தக்கது.

சாலை அகலப் போகிறது.
நடுக்கோட்டிலிருந்து ஆறு மீட்டருக்குள்
நிற்கும் எவரையும் பட்டியலிட
என்னை மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
உயிரோடு நிற்பவர்களுக்கு வேறு படிவம்,
அதை வேறொருவர் நிரப்புகிறார்.

வெலிங்டனில் வேலை எதுவும் இல்லை.
சும்மா இறங்கிப் பார்த்தோம்.
அங்கே புல்லும் வரிசையில் நின்றது.
பித்தளை துடைத்துக்கொண்டிருந்த சிப்பாயிடம்
இங்கிருந்து ரோடு எவ்வளவு தூரம் என்றேன், பழக்கதோஷம்.
ரோடுதான் சார் தள்ளிப் போகணும் என்றான்.

அடுத்த கல்லைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம்.
கேரட் கழுவும் கொட்டகையின் பின்சுவரில்
பாதி மண்ணுக்குள் இருந்தது.
ஆங்கில எழுத்து. நகத்தால் பாசியைச் சுரண்டினேன்.
'இந்த ஊரிலிருந்து மகாயுத்தத்துக்குப்
பதினான்கு பேர் சென்றனர்.
அவர்களில் மூவர் உயிர் நீத்தனர்.'
அவ்வளவுதான்.
படிவத்தில் 'பெயர்' என்னும் கட்டத்தை
வெறுமையாக விடக் கூடாதென்பது விதி.
குழாயும் கையுமாக நின்ற பையன்
என்ன எழுதியிருக்கு என்றான். சொன்னேன்.
விரல் விட்டுக் கணக்குப் போட்டான்.
'அப்போ பதினோரு பேரு திரும்பி வந்துட்டாங்கல்ல!'
சந்தோஷமாகக் கல்லின்மீதும் தண்ணீர் பீய்ச்சினான்.
கட்டத்தில் 'மூவர்' என்று எழுதினேன்.
சிவப்பு நீர் என் ஷூவைச் சுற்றிக்கொண்டு போனது.

கோத்தகிரிக்கு அப்பால், மூடுபனி இறங்கும் நேரம்,
லான்ஸ் நாயக் நந்தகுமார்.
இருபத்தாறு வயது. குண்டு படவில்லை,
எங்கோ வடக்கே பனிச்சரிவு.
சிற்பி சமவெளிக்காரர்.
பாஸ்போர்ட் படம் ஒன்றைக் கொடுத்தார்களாம்,
தோளுக்குக் கீழே எல்லாம் அவர் யூகம்.
வெள்ளிப் பூச்சு. துப்பாக்கி முனையில் ஒரு தேன்சிட்டு.
இரண்டு காலிலும் இடது பூட்ஸ்.

பேருந்து வந்து நின்றது.
நடத்துநர் தகரத்தைத் தட்டினார்: 'பட்டாளத்தான் எறங்கு!'
மார்க்கெட்டிலிருந்து அவன்வரை பதினோரு ரூபாய்.
கடைசியாக இறங்கியவள்
பீடத்தில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு
செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
அண்ணாந்து பார்க்கவில்லை.
போஜன் என் காதருகே சொன்னான்: வீட்டுக்காரி.

டேப்பின் மறுமுனையைப் பிடி என்றேன் அவனிடம்.
ஹேண்ட்பிரேக் சரியில்லை சார் என்று
வண்டியைப் பிடித்துக்கொண்டான்.
அவளே வந்து வாங்கிக்கொண்டாள்,
பீடத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினாள்.
நான் வெள்ளைக் கோட்டில் நின்றேன்.

'எவ்வளவு?'
'அஞ்சு எண்பது.'
'எவ்வளவு இருக்கணும்?'
சொன்னேன்.
தேயிலைத் தூள் படிந்த புருவத்தோடு கொஞ்சம் யோசித்தாள்.
'எடுத்து வேற எடத்துல வச்சா
பூட்ஸை மாத்திக் குடுப்பாங்களா?'

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
பெரும்பாலும் திரும்ப வைப்பதில்லை என்பதை
எந்த வாக்கியத்தில் சொல்வதென்றும் தெரியவில்லை.

இன்னொரு முறை பாத்துடுங்க என்றாள்.
பார்த்தேன்.
பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்:
டேப்பை இழுத்துப் பிடி,
தொய்ந்தால் தூரம் கூடும்.
அவள் இழுத்துப் பிடிக்கவில்லை.
நானும்தான்.
டேப்பின் வயிறு ஈரத் தாரைத் தொட்டது.
ஆறு மீட்டர் மூன்று சென்டிமீட்டர்.

எழுதி முடிக்கும்வரை காத்திருந்து
தன் முனையை விட்டாள்.
அது சுருண்டுகொண்டு ஓடி வந்து
என் கட்டைவிரலைக் கீறியது.